புத்தகப் பையின் முன் ஜிப்

வெள்ளி, ஜூலை 7

திரு. லாரிக்காரருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதமே மேல் என்றது நீங்கள்தான். வழக்கம்போல மகளின் பையில், முன் ஜிப்பில் வைக்கிறேன்.

மூன்று வாரமாகச் சாப்பாட்டு டப்பா போனது போனபடி திரும்பி வருகிறது. தூக்கமும் இல்லை. பாஸ்கெட்பால் என்றால் உயிரை விடுகிறவள், ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். “என்னடி?” என்றால் “ஒண்ணுமில்லம்மா.” சனி, ஞாயிறு உங்கள் வீட்டில் என்னதான் நடக்கிறது? செல்லம் கொடுத்தது நீங்கள், படுவது நான்!

இப்படிக்கு,
பதினாறு வருடம் பொறுத்தவள்


ஞாயிறு, ஜூலை 9

பொறுமைசாலிக்கு,

இங்கே மத்தியானம் வரை தூங்குகிறாள். அங்கே விடிந்ததிலிருந்து நீ நைநை என்று பிடுங்கினால் பிள்ளை எங்கே தூங்கும்? வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும். எதற்கெடுத்தாலும் என் தலையை உருட்டாதே.

மகளின் அப்பா


வெள்ளி, ஜூலை 14

மகளின் அப்பாவுக்கு,

தானாகச் சரியாகுமாம்! லாரி பிரேக்கில் லேசாகச் சத்தம் வந்தாலே மெக்கானிக்கிடம் ஓடுகிற ஆள் பேசுகிற பேச்சா இது? நேற்று தலை வாரிவிடப் போனேன், கையைத் தட்டிவிட்டு அழுதாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கு என்ன ஆச்சு? தெரிந்தால் சொல்லித் தொலையுங்கள்.

அவள் அம்மா


ஞாயிறு, ஜூலை 16

அம்மா, அப்பா,

அப்பா எழுதிய பதிலை எடுத்துவிட்டு இதை வைக்கிறேன். இன்னொரு காப்பி லாரிச் சாவிக்குக் கீழே இருக்கிறது.

ஒரு வருடமாக உங்கள் கடிதங்களைச் சுமக்கிறேன். எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். ‘அவளுக்கு என்ன ஆச்சு’ என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்கிறீர்களே, அந்த ‘அவள்’ நான்தான். அம்மா, நீ “என்னடி?” என்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவுக்கு எழுதப் பேனா தேடுகிறாய். அப்பா, நீங்கள் கேட்பதே இல்லை. போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

பாஸ்கெட்பால் டீச்சரிடமும் ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னேன். அவர் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஏழாவது பந்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் எழவே பிடிக்காததையும், நெஞ்சு படபடப்பதையும், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“இது உன் தப்பு இல்லம்மா. ஆனா நான் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிற விஷயமும் இல்ல. வீட்ல சொல்லணும், டாக்டரப் பாக்கணும். நீயே சொல்றியா, நானும் கூட இருக்கட்டுமா?” என்றார்.

கூட இருங்கள் என்றேன்.

புதன் நாலு மணிக்குப் பள்ளி ஆலோசகர் அறைக்கு ரெண்டு பேரும் வாருங்கள். யார் தப்பு என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். பதில் எழுதவும் வேண்டாம். முன் ஜிப்பில் ஷூ லேஸ் வைத்திருக்கிறேன், இடமில்லை.

இப்படிக்கு,
இன்றோடு வேலையை விடும்
உங்கள் தபால்காரி