நூறு நாள் ஆகட்டும் என்று மறைத்தது

அன்பு மகள் சோரானுக்கு,

குன்சானிலிருந்து அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே, டொரோண்டோவில் பனி விட்டதா. எனக்கு ஒன்றுமில்லை. உன் அண்ணன் இன்மோ உயிரோடு இருக்கிறான், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மனச்சிதைவு முற்றி வலிப்பு வந்துவிட்டது என்று போனில் உன்னிடம் சொன்னேனே, அது பொய். வாயால் சொல்லத் தைரியமில்லாமல் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் அவனுக்கு மனநோய் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா அவனுடைய சர்க்கரை அளவையும் தொப்பையையும் பார்த்துவிட்டு, இவரை மனநோய் கொல்லாதுங்கய்யா, சர்க்கரையும் சிகரெட்டும்தான் கொல்லும், ஆனா சிகரெட்ட நிறுத்துறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க என்றார். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டிய எனக்கு பிரேக் போட இந்தப் பெண்ணா சொல்லித்தர வேண்டும் என்று வீம்பு. தினம் இரண்டு பாக்கெட் ஊதியவனை ஒரே நாளில் நிறுத்த வைத்தேன். நம் கொரியாவில் பிள்ளை பிறந்தால் நூறு நாள் தாண்டிய பிறகுதானே ஊரைக் கூப்பிட்டுக் கொண்டாடுவோம், அதேபோல நூறாவது நாள் வெள்ளை அரிசிக் கேக்கோடு போய் டாக்டரம்மாவை அசத்தலாம் என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டாவது நாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது, வேற ஏதாவது மாற்றம் உண்டா என்று அவர் கேட்டார். இன்மோ வாயைத் திறந்தான். நான் அவன் முழங்காலை அழுத்திவிட்டு, ஒண்ணும் இல்லீங்க என்றேன்.

சிகரெட் கேட்டு நச்சரிக்கும்போதெல்லாம் சர்க்கரை கலந்த பொட்டலக் காபியைக் கலக்கிக் கொடுத்தேன், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆகும். பிறகு அவன் தூங்கிக்கொண்டே இருந்தான், எச்சில் வடிந்து தலையணை நனைந்தது, சாப்பிடும்போது கரண்டி நழுவியது. நான் என்ன செய்தேன் தெரியுமா, சோம்பேறி, எந்திரிடா என்று திட்டினேன். இருபத்துநாலாவது நாள் குளியலறையில் வெட்டி இழுத்து விழுந்தான். சிகரெட் புகை அவன் போடும் மனநோய் மாத்திரையை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடுமாம், புகை நின்றதும் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகுமாம், அத்தனை காபியும் அதற்குத் துணை போனதாம். ஏங்கய்யா சொல்லல, மாத்திரையைக் குறைச்சிருப்பேனே என்று டாக்டரம்மா கேட்டபோது அவர் கண்ணே கலங்கியிருந்தது. எச்சில் நுரையீரலுக்குள் போய், ஒன்பது நாள் தொண்டையில் குழாய். சர்க்கரையும் முன்னைவிட ஏறிவிட்டது. இப்போது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான்.

குழாயை எடுத்த அன்று பக்கத்தில் நின்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் பயந்துபோய், கம்மிய குரலில், அப்பா, சத்தியமா நான் ஒரு சிகரெட்கூடப் பிடிக்கலப்பா என்றான்.

உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசும்போது, சிகரெட்டை விட்டுவிட்டாயே என்று மட்டும் பாராட்டிவிடாதே, மறக்காதே அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா