கொள்ளுக்கொடி கிடந்த வளைவு

கோம்பை,
27.1.2025

அன்புள்ள தேவா,

தலையில் அடி என்பதால் நீ போனைப் பார்க்கக் கூடாதாம், தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் பேசவும் முடியாதாம். உன் அக்கா சொன்னார். காலேஜ் லீவில் எழுதிக்கொண்டதுபோல மறுபடி இன்லேண்ட் வாங்கினேன். போஸ்ட் ஆபீஸில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மதுரை வெயில் ஆரம்பித்துவிட்டதா? கஞ்சியும் ஜூஸும் உனக்கு எப்படி இறங்குகிறதோ. வளைந்துபோன உன் சைக்கிள் எங்கள் கொட்டகையில் இருக்கிறது. டயாலிசிஸ் மெஷினுக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம் பிப்ரவரி 23 அன்றுதான், தேனியிலிருந்து குமுளி வரை. உன் பெயரை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் கொடுத்த புகாரில் தவசியை விசாரிக்கிறார்களாம். நீ சைக்கிளோடு விழுந்தது அவர் காட்டுக்கு முன்னால்தானே. நீ அதையெல்லாம் நினைக்காதே. இடுப்பு எலும்பு கூடட்டும்.

உன் வேலு

மதுரை,
1.2.2025

அன்புள்ள வேலு,

படுத்தபடி பென்சிலில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். விடியும் நேரம், இறக்கம், வளைவு. ரோடு முழுக்கக் கொள்ளுக்கொடி. வண்டி ஏறி உதிரட்டும் என்று யாரோ பரப்பியிருந்தார்கள். பிரேக் பிடித்தேன், சக்கரம் வழுக்கியது. பால்காரர் தூக்கியதுகூடத் தெரியாது.

நேற்று தவசியின் மனைவி ராமுத்தாய் பஸ் ஏறி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்காரக்கூட இல்லை. "டீச்சர், எங்க காட்டுல இந்த வருசம் சோளந்தான். கொள்ளு ஒரு படிகூட வெதைக்கல. அவுகளத் தெனமும் வரச்சொல்லி ஸ்டேசன்ல உக்கார வச்சிர்றாக. வர்ற வெள்ளிக்கிழமை கேசு எழுதிருவோங்கிறாக," என்றாள்.

ரோட்டில் கதிர் போடக் கூடாது என்று நவம்பரில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோமே, முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது உன்னுடையது. அதன்பிறகு அந்த ரோட்டில் யாரும் போடவில்லை. இது யாருடைய கொள்ளு? நீ அந்த ரோட்டிலேயே குடியிருப்பவள்.

இன்னொன்று. இந்த மூன்று மாதத்தில் விடியற்காலை சைக்கிள் பயிற்சிக்கு ஒரு நாள்கூட நீ வராமல் இருந்ததில்லை. அன்று மட்டும் என்ன?

தேவா

கோம்பை,
4.2.2025

அன்புள்ள தேவா,

அன்று தலைவலி என்று மெசேஜ் போட்டேனே, மறந்துவிட்டாயா? மாத்திரை மயக்கத்தில் எதையெதையோ யோசிக்கிறாய். கொள்ளு இந்தப் பக்கம் பாதிப் பேர் விதைத்திருக்கிறார்கள். யாரென்று சொல்வது? இவரைக் கேட்டால், "அந்தப் பேச்ச விடு. ஆளு பொழச்சுருச்சுல்ல," என்கிறார்.

திராட்சைக்கு இந்த வாரம் நல்ல விலை. வரும்போது ஒரு பெட்டி கொண்டுவருகிறேன், ஜூஸ் போடலாம்.

உன் வேலு

மதுரை,
6.2.2025

வேலு,

அக்கா மகன் ஊர்ப்பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்கு நேரமில்லை.

கேட்டது இரண்டு. நீ திராட்சை விலை எழுதியிருக்கிறாய். என் வீட்டுக்காரர் கர்ணனிடம் எழுதிக் காட்டிக் கேட்டேன். நான் விழுந்து ஒரு மணி நேரம் கழித்து அவர் அங்கே போனபோது தவசி காட்டு வரப்போரம் கொஞ்சம் கொடிதான் ஒட்டிக்கிடந்ததாம். அதைப் பார்த்துத்தான் புகாரில் தவசி பெயரை எழுதினாராம். ரோடு முழுக்கக் கிடந்ததை ஒரு மணி நேரத்துக்குள் அள்ளியது யார்? அங்கிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் எத்தனை வீடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நான் தப்பாக நினைக்கிறேன் என்றால் ஒரு வரி எழுது. நாளை வெள்ளிக்கிழமை.

தேவயானி

கோம்பை,
8.2.2025

தேவா,

எங்கள் கொள்ளுதான்.

நீ விழுந்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மழை மூட்டமாக இருந்தது. கதிரடிக்கும் மெஷின் வரவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. "ஒரு ராத்திரிதானடி, காலைல ரெண்டு பஸ்ஸு ஏறுனா தன்னால உதிரும்," என்றார் இவர். நானும் சேர்ந்துதான் பரப்பினேன். மனுவில் கையெழுத்துப் போட்ட கையால்தான்.

விடியற்காலையில் உனக்கு, "வளைவில் கொடி கிடக்கிறது, மெதுவாக வா," என்று அடித்தேன். யார் வீட்டுக் கொடி என்று நீ கேட்பாய், சிரிப்பாய் என்று வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டுத் தலைவலி என்று அனுப்பினேன். நீ ஓரமாக இறங்கிப் போய்விடுவாய் என்று நினைத்தேன்.

நீ விழுந்த சத்தத்துக்கு ஓடி வந்தோம். பால்காரர் உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் உன்கூட ஏறவில்லை, தேவா. இவருடன் சேர்ந்து கொடியை அள்ளினேன்.

நேற்றுக் காலை ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். இவர் வரவில்லை, என்னோடு பேசுவதுமில்லை. தவசியை அப்போதே அனுப்பிவிட்டார்கள். வெளியே ராமுத்தாய் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், தவசியைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

உன்னைப் பார்க்க வரலாமா?

வேல்விழி

மதுரை,
13.2.2025

வேல்விழி,

தவசியை விட்டுவிட்டதாக ராமுத்தாய் என் அக்காவின் போனுக்குப் பேசினாள். அதற்கு நன்றி. உங்கள் மேல் கேஸ் நடத்த வேண்டாம் என்று கர்ணனிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பாரா என்று தெரியவில்லை.

நீ மனு கொடுத்துவிட்டு ரோட்டில் பரப்பியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மழை மூட்டம் என்றால் நானும் பரப்பியிருப்பேன். அந்த மெசேஜை நீ அழித்ததைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆட்டோ கிளம்பிய பிறகு நீ குனிந்து கொடி அள்ளியதைத்தான் தினமும் நினைத்துப் பார்க்கிறேன்.

சைக்கிளை அக்கா மகன் வந்து எடுத்துக்கொள்வான். 23ஆம் தேதி நீ ஓட்டு. மெஷின் வந்தாக வேண்டும்.

சந்தேகத்தோடு இருந்த நாட்களில் உன் ஒவ்வொரு கடிதத்தையும் நாலைந்து தடவை படித்தேன். கடைசிக் கடிதத்தை ஒரு தடவைதான் படிக்க முடிந்தது. இப்போது வர வேண்டாம்.

தேவயானி