பத்தில் ஒருவன்

அன்புள்ள பரஸ்கோவியா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே வெரோனாவில் நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். என் கால்வீக்கத்துக்குக் காரணம் லூபஸாம், உடம்பின் எதிர்ப்புசக்தியே உடம்பைத் தாக்கும் நோய்; மருந்து ஆரம்பித்தாயிற்று.

முதலில் டாக்டர், "அது பொம்பளைங்களுக்கு வர்றது" என்று சோதிக்கவே மறுத்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "வகுப்புல ஒன்பது பொண்ணுங்க, ஒரே ஒரு பையன். அவன் தாளைத் திருத்த மாட்டீங்களா?" என்றேன். சோதனை எழுதிக் கொடுத்தார். ஆண்களுக்கு அரிதாக வந்தாலும் சிறுநீரகத்தைத்தான் அதிகம் தாக்குமாம். என்னுடையதையும் தொட்டிருக்கிறது, பயப்படாதே.

திராட்சைத் தோட்டத்தில் கூட வேலை செய்யும் அனத்தோல், "வாத்தியாரே, அடுத்தது பிரசவமா?" என்றான். "ஆமாடா, ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பன்" என்றேன்.

வெயில் படக்கூடாதாம். உன் அகன்ற வைக்கோல் தொப்பியை அனுப்பு. தூசி தட்ட வேண்டாம், உன் தலையிலிருந்து எடுத்தபடியே இருக்கட்டும். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். சிவப்பு ரிப்பனையும் கழற்றாதே, அதோடுதான் போட்டுக்கொள்வேன்.

உன் கிரிகோரே