பாதி முகப் படம்

தாராவி, பம்பாய்
20-2-1969

அன்பு மனைவி சொர்ணத்துக்கு பூலோகம் எழுதுவது. நான் சுகம். நீயும் பிள்ளையும் அய்யாவும் சுகந்தானா?

பிள்ளைக்கு என் முகம் மறந்துரும்னு போட்டோ கேட்டியே, இதோட வச்சிருக்கேன். இடது பாதி ஒரே கறுப்பா இருக்கேன்னு பதறாதே. மாதுங்கா ஸ்டுடியோக்காரர் ஒத்தை விளக்கைப் போட்டு, "ஒரு பக்கம் இருட்டா இருந்தாத்தான் முகத்துக்கு எடுப்பு"ன்னார். எந்தப் பக்கம்னு நான்தான் சொன்னேன்.

போன வாரம் தாதர் ஸ்டேஷன்ல தமிழ் பேசினதுக்கு நாலு பேர் லேசா தள்ளிவிட்டாங்க, வேற ஒண்ணுமில்லை. இப்ப ரயில்ல வாயே திறக்கிறதில்லை. உன் தம்பியை வேலைக்குன்னு இங்கே வர வேண்டாம்னு சொல்லு. ஊர் மஞ்சள் ஒரு பொட்டலம் அனுப்பு, சமையலுக்குத்தான். அடுத்த மாசம் முழு முகமும் வெளிச்சமா எடுத்து அனுப்புதேன்.

யாரோ கதவைத் தட்டுதாங்க, இத்தோட நிறுத்துதேன். பயப்படாதே, தமிழ்லதான் கூப்பிடுதாங்க.

பூலோகம்