உன் பல்வலியைக் கேட்டவர்கள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஃபோனை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். புழுங்கலரிசி வாசனை முகத்தில் அடித்தபோதுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மலை சுற்றப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் கூட வந்து ஒட்டுக்கேட்கக் கூடாதென்று நாம் இருவரும் அவரவர் வீட்டில் செய்துவந்த காரியம். நீ போன பிறகும் என் கை அதை விடவில்லை.

"மறுபடியும் தண்ணில போட்டுட்டியா?" என்றார் இவர். நனைந்த ஃபோனைத்தான் அரிசியில் போடுவார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே தெரியாதவர்போலக் கேட்பது இவர் வழக்கம். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

செங்கம் ரோட்டில் இப்போது கம்பத்துக்குக் கம்பம் கேமரா. அவற்றின்மேல் எனக்குக் கோபமில்லை. அவை அங்கே இருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் பார்ப்பதும் தெரியாமல் கேட்பதும்தானே உன் சண்டை?

கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயிகளின் நிலத்துக்காக நீ வக்கீலாகக் கோர்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பின்னாலேயே ஒருவர் வந்தார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி, போலீஸ் கிராப்பு. எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தவருக்கு வெறுங்காலில் நடக்க மட்டும் பழக்கமில்லை. அடிஅண்ணாமலை தாண்டுவதற்குள் வெயில் ஏறி, தார் சுட, நொண்ட ஆரம்பித்துவிட்டார். நீ நின்று திரும்பினாய்.

"அண்ணே, நெழல்ல உக்காருங்க. நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம். நீங்க எழுந்தப்புறம்தான் கெளம்புவோம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. நீ நீர்மோர் வாங்கிக் கொடுத்தாய். இரண்டு டம்ளர் குடித்தார். நன்றிக்கு என்ன செய்வதென்று தெரியாத மனிதர், போகும்போது அக்கறையாகக் கேட்டார்: "மேடம், உங்க பல்லு வலி இப்ப கம்மியா இருக்குதுங்களா?"

முந்தின நாள் ஃபோனில் என்னிடம் மட்டும் சொன்ன பல்வலி. டாக்டரிடம்கூட நீ போயிருக்கவில்லை. கேட்ட கேள்வி என்னவென்று அவருக்கே உறைத்ததும் நொண்டலை மறந்து வேகமாக நடந்துபோனார். நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வலியோடு சிரித்தாய்.

அன்று மாலை உன் வீட்டில் தந்திச் சட்டப் புத்தகத்தை விரித்து எனக்குப் படித்துக் காட்டினாய். ஃபோனை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் பொது அவசரநிலை இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து இருக்க வேண்டும். உள்துறைச் செயலாளர் எழுத்தில் ஆணை தர வேண்டும்.

"இதுல என் கடவாப் பல்லு எதுல வருதுடீ? அவசரத்துலயா, பாதுகாப்புலயா?"

அந்த ஆணை சரியா என்று பார்க்க ஒரு குழு உண்டு என்றாய். அதிலும் அதிகாரிகள்தான். ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தகவல் சொல்ல மாட்டார்கள். ஆணையின் தாள்களைக் கொஞ்ச காலத்தில் அழித்தும் விடலாம். பிறகு அந்தப் பழைய தந்திச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. ஆனாலும் சொல்லாமல் கேட்பது அப்படியே இருந்தது. "என் ஃபோனை ஒட்டுக்கேட்க ஆணை போட்டீர்களா?" என்று தகவல் உரிமையில் கேட்டாய். பாதுகாப்பு காரணம், சொல்ல இயலாது என்று பதில் வந்தது. நீ ஐகோர்ட்டுக்குப் போனாய்.

பயந்துபோய்க் குரலைத் தாழ்த்தினேன் நான். நீயோ அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபோனையும் ஒரே மாதிரி ஆரம்பித்தாய்: "வணக்கம் சார், காபி ஆச்சா? சரி, இப்ப நாங்க பேசிக்கிறோம்." அதன்பிறகுதான் எனக்கு "என்னடீ". ஒருநாள் உன்னிடம் கோபித்துக்கொண்டேன். "பயமா இருக்காதா உனக்கு?" என்றேன். "இருக்கு. அதுக்காக அவங்களுக்குப் புடிச்ச மாதிரி பேசணுமா?" என்றாய்.

போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்து சில நாள் கழித்து உன் ஜூனியர் பெண் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, மனு மேடத்தோட முடிஞ்சிடும்கா. இறந்தவங்களுக்கு அந்தரங்க உரிமை இல்லன்னு சொல்லிடுவாங்க. பாதிக்கப்பட்ட வேற யாராவது அவங்க பேர்ல போட்டாத்தான் உண்டு" என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் காபி கலக்க எழுந்து போய்விட்டேன்.

இவர் அன்று சாப்பிடும்போது சொன்னார்: "அவங்களே போயிட்டாங்க. நான் தெனமும் வேலைக்கு வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் படி ஏறணும். நமக்கு எதுக்கும்மா?" அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என் பயம் வேறு. வழக்கு என்று போனால், உன்னோடு என்ன பேசினேன் என்று கேட்பார்கள். குழந்தை தங்காமல் போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத்தானே கூப்பிட்டேன். இவரிடம் சொல்ல முடியாததையெல்லாம் உன்னிடம் சொல்லி அழுதேனே. அதுவும் உன் ஃபோனை அவர்கள் கேட்ட அந்த மாதங்களில்தான்.

இன்று, நீ அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்த அந்த நிழலில் தனியாக உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் அவர்கள் கேட்டது உன் ஃபோனை என்றே நினைத்திருந்தேன். பல்வலியைச் சொன்னது நீ. "கிராம்பு வைடீ" என்று சொன்னது நான். உன்னைக் கேட்ட காது என்னையும்தானே கேட்டது? என் அழுகையை யாரோ ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கலாம். அதைக் கோர்ட்டில் சொல்ல நான் வெட்கப்பட வேண்டும், கேட்டவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்றால் அது என்ன நியாயம்? இறந்தவருக்கு அந்தரங்கம் இல்லையாம். நான் இருக்கிறேனே.

மனுவை என் பெயரில் போடப்போகிறேன். இன்னும் யாருக்கும் தெரியாது, இவருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இவரிடம் சொல்லிவிடுவேன். கேட்கப்போவது அனுமதி இல்லை. உன் ஜூனியரிடம் நாளை சொல்ல வேண்டும். அவள் ஆபீஸ் பக்கத்துத் தெருதான், நேரில் போய்க் காதோடு காதாகச் சொல்லலாம். போகமாட்டேன். டப்பாவைத் திறந்து, ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு, ஃபோனிலேயே அவளைக் கூப்பிடுவேன்.

அவள் எடுத்ததும் முதலில் உன் வணக்கத்தை வைப்பேன். காபி ஆச்சா என்று கேட்பேன். அப்புறம் விஷயத்தை, குரலைத் தாழ்த்தாமல்.