குசினி மேசைக்குக் கீழே மின்வாள்

துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வரப்போகும் கணவனுக்காக, குச்சவெளி பஸ்சைப் பிடிக்கும் அவசரத்தில், கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினாள் ஜெயரூபி.

“இஞ்சாருங்கோ, புட்டும் சொதியும் மூடி வைச்சிருக்கிறன். பலகை அறுக்கிற கைமெசினைக் கவிழ்த்து, பிளேட் பலகைக்கு மேல நீட்ட, என்ர குசினி மேசைக்குக் கீழ பூட்டினியள், பொறுத்தன். சுவிச்சை அமத்தினபடியே கம்பியால கட்டினியள், அதையும் பொறுத்தன். நேற்று கரண்ட் போனதும் பிளக்கைக் கழட்டாமலே வேலைக்குப் போட்டியள். விடியக் கரண்ட் வர, அது தானாச் சுத்தத் தொடங்கிட்டுது. அந்த மேசையிலதான் நான் மா குழைச்சுக்கொண்டு நிண்டனான்!”

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“பிளேட்டைத் தேடாதேங்கோ, என்ர பையில கிடக்கு. உங்கட பத்து விரலும் எனக்கு வேணும்.”