பாதி வெட்டிய கார்டு

அன்புள்ள கணவருக்கு,

தாங்கள் அயர்ந்து உறங்கியதால் எழுப்பத் துணியவில்லை. புது வீட்டுத் திரைச்சீலைகளுக்கும் மின்விசிறிகளுக்குமாக கிரெடிட் கார்டில் ஏறிய கடனை இன்று காலை முழுமையாகக் கட்டிவிட்டேன்! பாக்கி பூஜ்யம்! மூன்று முறை சரிபார்த்தேன்.

கார்டு சமையல் மேடையில், கத்தரிக்கோலுடன் இருக்கிறது. இருவர் சம்பளத்திலும் அடைத்த கடன் என்பதால் பாதி வரை மட்டுமே வெட்டியிருக்கிறேன். மீதியைத் தாங்கள் வெட்ட வேண்டுகிறேன்.

"வீட்டை வாங்கினோமா, உன் சிரிப்பை அடகு வெச்சோமாடி?" என்று நேற்றுக் கேட்டீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு மன்னிக்கவும்.

சோறு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது.

பி.கு.: சாவியை மறக்க வேண்டாம்.

இன்னொன்று: சிரிப்பை மீட்டாயிற்று. மாலை வரை அடக்க முடியாது போலிருக்கிறது. தங்களுக்கு முன்பே, நான் வேலைக்குப் போகும் பேருந்தில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள், பொறுத்தருளவும்.